ஆற்றங்கரையிற் சந்தையா, மலையடியிற் கலாசாலையா?

கணினி விளையாட்டொன்று கற்பிக்கும் நகரமைப்புப் பாடம்

சென்ற மாதம் ஒருநாள் மாலை என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். விறாந்தையில் என்னைக் கண்டதும் ஓடிவரும் மருமகனை அன்று காணவில்லை. உள்ளே சென்று பார்த்தேன். பையன் கணினியின் முன்னே, கன்னத்திற் கை வைத்தபடி, கப்பல் கவிழ்ந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

“என்ன தம்பி, பரீட்சை முடிவில் ஏதும் குறையோ?” என்று கேட்டேன்.

“அது நல்லாய்த்தான் வந்திருக்கு மாமா. இது வேறை விஷயம். இருபது மணித்தியாலம் விளையாடின விளையாட்டு. தோற்றுப்போனன்” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எப்படித் தோற்றான் என்று விசாரித்தேன். அவன் சொன்ன மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது.

“உலகத்திலே உள்ள எல்லாக் கண்டுபிடிப்பும் என்னட்டைத்தான் முதலில் வந்தது மாமா. விண்கலம் செய்யிற வித்தையும் எனக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அதைக் கட்ட ஏலாமல் போச்சு!”

அறிவு முழுவதும் இருந்தும் செய்து முடிக்கும் கை இல்லாமற் போன ஓர் இராச்சியம்! இஃது எவ்வாறு நேர்ந்தது? அன்று தொடங்கி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவனருகே அமர்ந்து அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். கற்றதை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணினி விளையாட்டு என்றதும் பிள்ளைகளைக் கெடுக்கும் பேய் என்று எண்ணும் பெற்றோர் சற்றுப் பொறுமையுடன் வாசிப்பார்களாக.

விளையாட்டின் வரலாறு

‘சிவிலைசேஷன்’ என்பது இவ்விளையாட்டின் பெயர். நாகரிகம் என்பது அதன் பொருள். சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்னும் இருவர் அமைத்த முதலாவது விளையாட்டு 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் ஆறாவது பகுதியை, எட் பீச் என்பவரைத் தலைமை அமைப்பாளராகக் கொண்டு, ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கியது; அது 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெளிவந்தது. 2018இலும் 2019இலும் அதற்கு இரண்டு பெரிய விரிவுகள் வந்தன. 2025ஆம் ஆண்டில் ஏழாவது பகுதியும் வெளிவந்துவிட்டது. சோழர் அதில் ஓர் இனமாக இடம்பெற்றிருக்கின்றனர். ஆயினும் என் மருமகனும் அவன் தோழர்களும் விடாது பற்றியிருப்பது ஆறாவதையே. ஆகவே இரு விரிவுகளும் சேர்ந்த அந்த ஆறாவதைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

ஆட்டம் கி.மு. 4000ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஆடுபவர் ஓர் இனத்தின் தலைவராகி, முதல் நகரை நிறுவி, சாதாரண வேகத்தில் 500 சுற்றுகளில் விண்வெளிக் காலம் வரை தம் மக்களை நடத்திச் செல்லவேண்டும். நிலப்படம் முழுவதும் தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்களால் ஆனது. மலை, ஆறு, காடு, பாலை, கடல் யாவும் அதில் உண்டு. உலகில் ஆங்காங்கே சிறு தனிநகர்களும் காணப்படும். அவற்றுள் ஒன்று நம் கண்டி! மருமகன் கடலோடிச் சென்று கண்டியைக் கண்டுபிடித்த பொழுது வீட்டில் ஒரே ஆரவாரம் என்று தமக்கையார் சொன்னார்.

ஆறாவது பகுதியின் புதுமை யாதெனில், அது நகரத்தை அவிழ்த்து விரித்து வைத்ததுதான். முன்னைய பகுதிகளில் நூல்நிலையம், சந்தை, வங்கி, தொழிற்சாலை யாவும் ‘நகரம்’ என்ற ஒரே கட்டத்தினுள் அடைபட்டுக் கிடந்தன. பணம் இருந்தால் யாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம். ஆறாவதில் அது முடியாது. கல்விக்கு ஒரு வட்டாரம், வணிகத்துக்கு ஒரு வட்டாரம், கைத்தொழிலுக்கு ஒரு வட்டாரம், துறைமுகத்துக்கு ஒன்று என ஒவ்வொன்றுக்கும் நிலத்திலோ நீரிலோ தனிக் கட்டம் ஒதுக்கவேண்டும். நிலமோ அளவுடையது. அங்கேதான் தலைவலி பிறக்கிறது, சுவையும் பிறக்கிறது.

நான்கு கட்டளைகள்

இவ்வட்டாரங்களை ஆளும் விதிகள் பல. அவற்றுள் நான்கை மனத்திற் கொண்டாற் போதும்.

முதலாவது, எண்ணிக்கை. ஒரு நகரின் குடித்தொகை 1 ஆக இருக்கும்பொழுது சிறப்பு வட்டாரம் ஒன்றையே அமைக்கலாம். இரண்டாவதை அமைக்கக் குடித்தொகை 4 ஆகவேண்டும், மூன்றாவதற்கு 7, நான்காவதற்கு 10. குடித்தொகையோ நீரைப் பொறுத்தது. நன்னீர்க்கரையில் அமைந்த நகருக்கு முதலிற் கிடைக்கும் குடியிருப்பு 5. கடற்கரையில் மட்டும் அமைந்ததற்கு 3. நீரற்ற இடத்துக்கு 2. ஆகவே பெரும்பாலான நகரங்கள் நெடுங்காலம் இரண்டு அல்லது மூன்று வட்டாரங்களோடுதான் வாழவேண்டும். எல்லாம் வேண்டும் என்பார்க்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது, இடம். நகர நடுவிலிருந்து மூன்று கட்டத் தொலைவுக்குள் அமையும் 36 கட்டங்களே நகருக்குரிய நிலம். அதற்குள் எந்தக் கட்டத்தில் எந்த வட்டாரம் என்பதைப் பொறுத்து அயற்பயன் கூடும், குறையும். அயற்பயன் என்று நான் சொல்வது, பக்கத்திலுள்ள மலை, ஆறு, சுரங்கம் முதலியவற்றால் அவ்வட்டாரத்துக்குக் கிடைக்கும் மேலதிக வருவாயை.

மூன்றாவது, மீளாமை. கட்டி முடித்த வட்டாரத்தை இடித்து வேறிடத்தில் வைக்க முடியாது. அது நிற்கும் கட்டத்தில் முன்பிருந்த காடும் வயலும் போனவை போனவையே.

நான்காவது, காலம். சாதாரண வேகத்தில் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வட்டாரத்தின் அடக்கவிலை 54 உற்பத்தி அலகு. நாம் கல்வியிலும் பண்பாட்டிலும் முன்னேற முன்னேற அவ்விலை பன்மடங்காக ஏறிவிடும். ஆனால் அடிக்கல் நாட்டிய அன்று குறித்த விலை பின்னர் ஏறாது. இதை அறிந்தோர், இடம் கிடைத்தவுடன் அடிக்கல்லை நாட்டிவிட்டு, வசதியான பொழுது கட்டி முடிப்பர். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

ஆற்றங்கரைச் சந்தை

இனிப் பொருளாதார வட்டாரங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். அவை மூன்று: வணிகம், துறைமுகம், கைத்தொழில்.

வணிக வட்டாரம் நாணயம் என்னும் கலையைக் கற்றபின் அமைப்பது. ஆற்றை ஒட்டி அமைந்தால் 2 பொன். துறைமுகம் பக்கத்திலிருந்தால் மேலும் 2. அயலிலுள்ள வட்டாரங்கள் இரண்டுக்கு ஒன்றாகவும் சேரும். இதனுள் சந்தை, வங்கி, பங்குச் சந்தை எனப் படிப்படியாகக் கட்டலாம்.

ஆனால் இதன் உண்மையான பெருமை அந்தச் சில பொன்னில் இல்லை. சந்தை கட்டியவுடன் நாட்டுக்கு ஒரு வணிகப்பாதை மேலதிகமாகக் கிடைக்கும். அப்பாதையில் ஒரு வணிகன் புறப்படுவான். வெளிநாட்டு நகருக்கு அனுப்பினால் பெரும்பாலும் பொன் கொணர்வான். உள்நாட்டு நகருக்கு அனுப்பினால், புறப்பட்ட நகருக்கு உணவும் உற்பத்தியும் கொணர்வான். போகிற வழியெல்லாம் தெருவும் அவனே அமைத்துவிடுவான். நேற்று நிறுவிய ஏழைச் சிற்றூர் ஒன்றும் இவ்வாறு தலைநகரோடு வணிகம் செய்து விரைவில் தலையெடுக்கும்.

பொன்னுக்கு இன்னொரு குணம் உண்டு. உற்பத்தி, பிறந்த நகரிலேயே தங்கிவிடுவது. பொன்னோ எந்த நகருக்கும் நடந்து செல்லக்கூடியது. ஓர் ஊரிற் சேர்ந்த பொன்னால் மற்றோர் ஊரில் நூல்நிலையம் வாங்கலாம். எல்லையிற் பகைவர் வந்தால் அன்றே படை வாங்கலாம். அதற்குரிய கூலியும் உண்டு. உற்பத்தி அலகு ஒன்றினால் ஆகும் வேலையைப் பொன்னால் முடிக்க ஏறக்குறைய 4 பொன் வேண்டும். அவசரத்துக்கு வாங்கும் பொருள் எங்கும் விலை கூடியதுதானே!

கடல் தரும் வாழ்வு

துறைமுகத்தை நிலத்தில் அமைப்பதில்லை. கரையை ஒட்டிய நீர்க்கட்டத்தில் அமைப்பர். ஆகவே வயலையோ காட்டையோ அது விழுங்குவதில்லை. நகர நடுவை ஒட்டியிருந்தால் 2 பொன். மீன், முத்து போன்ற கடல் வளம் பக்கத்திலிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 பொன். வெளிச்சவீடு கட்டினால் உணவு பெருகும். கப்பல் கட்டும் துறை அமைத்தால், துறைமுகத்தின் அயற்பயன் எவ்வளவோ அவ்வளவு உற்பத்தியும் கிடைக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தை மருமகன் எனக்குக் காட்டினான். நகர நடு, துறைமுகம், வணிக வட்டாரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடும்படி முக்கோணமாக வைக்கவேண்டும். அப்பொழுது துறைமுகத்துக்கு நகர நடுவால் 2, அயலிலுள்ள இரு வட்டாரங்களால் 1, ஆக 3. வணிக வட்டாரத்துக்குத் துறைமுகத்தால் 2, இரு வட்டாரங்களால் 1, ஆக 3. அதே இடத்தில் ஆறொன்றும் கடலிற் கலக்குமானால் வணிக வட்டாரத்துக்கு மேலும் 2 சேர்ந்து 5 ஆகும். நகர நடுவும் ஒரு வட்டாரமாகவே எண்ணப்படும் என்பதை இங்கே மறத்தலாகாது. ஆறு கடலொடு கலக்குமிடத்தில் பட்டினங்கள் ஏன் வளர்ந்தன என்று சரித்திர ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்குவதை, இந்த முக்கோணம் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுகிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை. சந்தையும் வெளிச்சவீடும் ஒரே நகரில் இருந்தாலும் வணிகப்பாதை ஒன்றுதான், இரண்டு கிடைக்கமாட்டா. ஆகவே இடம் ஒன்றே உள்ள சிறு கடற்கரை நகரில் இரண்டில் ஒன்றைத் தெரிவதே புத்தி. கடல்வளம் மிக்க ஊரில் துறைமுகமும், ஆற்றூரில் சந்தையும் முந்தட்டும்.

புகைபோக்கியின் பெருமையும் விலையும்

மூன்றாவது கைத்தொழில் வட்டாரம். பட்டறை, தொழிற்சாலை, மின்னிலையம் ஆகியவை இதனுள் அடங்கும். இதற்கு வேண்டிய அயல் வேறு. நீர் கொண்டுவரும் கால்வாய்ப்பாலம் பக்கத்திலிருந்தால் 2; அணைக்கட்டு இருந்தால் 2; கற்குழி ஒன்றுக்கு 1; சுரங்கங்கள் இரண்டுக்கு 1. கால்வாய்ப்பாலமும் அணையும் குடித்தொகைக் கணக்கில் வாரா; ஆகவே சிறப்பு வட்டாரத்துக்குரிய இடத்தை அவை பிடித்துக்கொள்வதில்லை.

ஆற்றோரத்து மலைநாட்டு நகர் ஒன்றை எண்ணுங்கள். ஒரு பக்கம் அணை, மறுபக்கம் கால்வாய்ப்பாலம், நடுவே கைத்தொழில் வட்டாரம். அணையால் 2, பாலத்தால் 2, அவ்விரண்டும் வட்டாரங்களாகவும் எண்ணப்படுவதால் 1, அருகே இரு சுரங்கங்கள் இருந்தால் மேலும் 1, ஆக 6. இதே வட்டாரத்தைச் சமவெளியில் தனியே வைத்தால் கிடைப்பது பூச்சியம். செலவு இரண்டுக்கும் ஒன்றே! அரசாங்கக் கொள்கைச் சீட்டுகளுள் அயற்பயனை இரட்டிப்பாக்குவன சில உண்டு. அவற்றால் 6 என்பது 12 ஆகும். பூச்சியமோ இரட்டித்தாலும் பூச்சியமே.

தொழிற்சாலைக்கும் சந்தைக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. தொழிற்சாலையின் பயன் ஆறு கட்டத் தொலைவுக்குள் உள்ள நம் நகரங்கள் யாவற்றுக்கும் பரவும். ஆனால் இரண்டு தொழிற்சாலைகளின் பயன் ஒரே நகருக்கு இரட்டிப்பாகாது. ஆகவே நகருக்கொரு புகைபோக்கி வேண்டியதில்லை. நாலைந்து நகரங்களுக்கு நடுவான இடத்தில் நல்ல வட்டாரம் ஒன்று அமைந்தாற் போதும். சந்தையோ அப்படியன்று, நகருக்கொன்றாகப் பெருகப் பெருக வணிகப்பாதைகளும் பெருகும். எதைப் பலவாகக் கட்டுவது, எதைச் சிலவாகக் கட்டுவது என்று அறிவதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது.

ஆனால் புகைபோக்கிக்கு விலையும் உண்டு. 2019இல் வந்த விரிவின்படி நிலக்கரி மின்னிலையம் புகையைக் கக்கும். உலகத் தலைவர்கள் யார் எரித்தாலும் புகை ஒன்றாகவே கணக்கிடப்படும். உலகம் வெப்பமாகும், கடல் மட்டம் உயரும். கரையோரத் தாழ்நிலங்கள் முதலில் வெள்ளத்தில் மூழ்கி எழும். பின்னர் எழாமலே மூழ்கிவிடும். அங்கே நின்ற வணிக வட்டாரமும் அதனோடு போகும். மலைநாட்டில் நாம் எரித்த கரி, கடற்கரையில் நாம் கட்டிய சந்தையை விழுங்குகிறது! வெள்ளத்தடுப்பு மதில் கட்டலாம். ஆனால் கடல் உயர உயர அதன் செலவும் உயரும். அணைக்கட்டில் நீர்மின்னிலையம் அமைத்தும், காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் பெற்றும் முன்கூட்டியே தப்பிக்கொள்பவரே கெட்டிக்காரர்.

மருமகன் தோற்ற கதை

இனி, பையன் ஏன் தோற்றான் என்பதற்கு வருவோம். அவனுக்கு ஒன்பது நகரங்கள். ஒன்பதிலும் அவன் முதலில் அமைத்தது கலாசாலை வட்டாரம்.

“விஞ்ஞானம்தானே மாமா எல்லாத்துக்கும் மேலை? எல்லாரும் அதைத்தான் முதலில் கட்டச் சொல்லுகினம்” என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. கலாசாலை மிக வலிமை வாய்ந்த வட்டாரம்; தேர்ந்த ஆட்டக்காரர் பலர் அதையே முதலில் நாடுகின்றனர். ஆனால் கலாசாலைக்கு அயற்பயன் தருவது மலை. மலையொன்றுக்கு 1; மழைக்காட்டுக் கட்டங்கள் இரண்டுக்கு 1. அவனுடைய ஒன்பது நகரங்களில் இரண்டே மலையடியில் இருந்தன. மூன்று ஆற்றங்கரையில், இரண்டு கடற்கரையில், மற்றவை சுரங்கம் நிறைந்த குன்றுகளிடையே. அந்த ஏழிலும் கலாசாலை பூச்சியத்தையோ ஒன்றையோ பெற்றுக்கொண்டு நின்றது. உள்ளே நூல்நிலையமும் பல்கலைக்கழகமும் கட்ட உற்பத்தி வேண்டும், அஃது இல்லை. வாங்கலாம் என்றால் பொன் வேண்டும். சந்தை இல்லாததால் அதுவும் இல்லை. இவற்றுக்கு மேலாக ஒவ்வொரு சுற்றிலும் பராமரிப்புச் செலவு வேறு.

அப்படியிருந்தும் பையன் தளராது உழைத்து, ரொக்கற்று விஞ்ஞானத்தை உலகில் முதலாவதாகக் கற்றுவிட்டான். விஞ்ஞான வெற்றி பெறுவதற்கு விண்வெளித் தளம் ஒன்றைக் கட்டவேண்டும். பின்னர் செய்மதி ஏவி, சந்திரனுக்கு ஆள் அனுப்பி, செவ்வாயிற் குடியேறி, அதற்கும் அப்பால் ஒரு கலத்தைச் செலுத்தவேண்டும். இவையெல்லாம் படிப்பால் மட்டும் ஆவனவல்ல, உற்பத்தியால் ஆவன. அச்செயற்றிட்டங்களைப் பொன் கொடுத்து வாங்கவும் முடியாது. அவனுடைய நகரங்களுள் மிகச் சிறந்ததிலும் விண்வெளித் தளம் கட்டி முடிய எண்பது சுற்றுகளுக்கு மேல் வேண்டியிருந்தது. கணினி நடத்திய அயல்நாடு ஒன்று, அவனுக்குப் பிந்திக் கற்றும், தொழிற்சாலைகளின் துணையால் அவனுக்கு முந்திப் பறந்துவிட்டது.

இதைக் கேட்டபொழுது எனக்கு ஒன்று விளங்கியது. பையன் தெரிந்த வட்டாரம் பிழையானதன்று. அதை எல்லா ஊருக்கும் ஒன்றுபோல விதித்ததே பிழை. ‘எது சிறந்தது?’ என்று அவன் கேட்டான். ‘இந்த ஊருக்கு எது பொருந்தும்?’ என்று கேட்டிருக்கவேண்டும். ஒன்றைத் தெரிவதன் விலை அதற்குச் செலவிட்ட 54 அலகு மாத்திரமன்று. அந்த இடத்தில் அமைந்திருக்கக்கூடிய மற்றொன்றும் அதன் விலையே. பொருளியல் ஆசிரியர்கள் இதனை அமையச்செலவு என்பார்கள். நூலிற் படித்தால் உறக்கம் வரும் இச்சொல், இருபது மணித்தியால உழைப்பை இழந்த பையனுக்கு ஒரே நாளில் நெஞ்சிற் பதிந்துவிட்டது.

மீண்டும் ஓர் ஆட்டம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் புதிதாய்த் தொடங்கினோம். ஒவ்வொரு நகரை நிறுவுமுன்னும் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி விடை காண்பது என்று தீர்மானித்தோம். இந்நிலம் எதைத் தருகிறது? இந்நகர் எத்தனை வட்டாரங்களைத் தாங்கும்? நாட்டுக்கு இப்பொழுது எது குறைவு?

மூன்றாவது கேள்வியே கடினமானது. சில வேளைகளில் நிலம் ஒன்றைச் சொல்லும். நாட்டின் தேவை வேறொன்றைச் சொல்லும். மலையடியில் ஒரு நகர் நிறுவினோம். நிலம் கலாசாலை என்றது. ஆனால் கருவூலத்தில் பொன் வற்றிக் கிடந்தது. எல்லையில் முரடர் கூட்டம் கொள்ளையடிக்கத் திரிந்தது. வட்டாரங்களைக் கொள்ளையிட்டு முடமாக்கிவிட அவர்களால் முடியும். என்ன செய்வது? பையன் நெடுநேரம் யோசித்தான். ஈற்றில் கலாசாலைக்கு அடிக்கல்லை நாட்டி விலையை நிறுத்திவிட்டு, ஆற்றூரில் சந்தையை முதலிற் கட்டி, அதன் பொன்னால் ஒரு படை வாங்கி, பின்னர் கலாசாலைக்கு மீண்டான். எனக்குத் தோன்றாத யோசனை அது.

மலையூர்கள் இரண்டில் கலாசாலை, கழிமுகத்தூரில் துறைமுகமும் சந்தையும் சேர்ந்த முக்கோணம், ஆற்றூர்களில் சந்தை, குன்றூர்களுக்கு நடுவே அணையும் கால்வாய்ப்பாலமும் சூழ்ந்த ஒரே கைத்தொழில் வட்டாரம். கலாசாலைகள் முன்னையிற் குறைவு. ஆயினும் ஒவ்வொன்றினுள்ளும் நூல்நிலையமும் பல்கலைக்கழகமும் உரிய காலத்தில் எழுந்தன. மூன்றாவது ஞாயிறு இரவு அவனுடைய கலம் பறந்தது. தமக்கையாரும் அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இங்கே கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அன்றிரவு உணவுக்குப் பின் நடந்ததையும் சொல்லவேண்டும்.

பையன் சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்திருக்கிறான். உயர்தர வகுப்பில் எத்துறையிற் சேர்ப்பது என்று வீட்டில் ஒரு மாதமாக வாதம். அத்தானுக்கு உயிரியல் விஞ்ஞானம்தான் வேண்டும், மகன் வைத்தியனாகவேண்டும். பையனுக்கோ கணக்கியலிலும் வர்த்தகத்திலும் நாட்டம். அவன் இதுவரை தந்தையின் முன் வாய் திறந்ததில்லை.

அன்று மெல்லச் சொன்னான்: “அப்பா, நீங்கள் சொல்லுறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. அது பெரிய படிப்புத்தான். ஆனால் உயர்தரத்திலை எனக்கு இருக்கிறது மூன்று பாடத்துக்கு இடம். எனக்குப் பக்கத்திலை மலை இருக்கோ, ஆறு இருக்கோ எண்டு பார்த்துத்தானே கட்டவேணும்?”

அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். விளக்கினேன். அவர் உடனே இணங்கிவிட்டார் என்று சொன்னால் அது கதையாகிவிடும். “விளையாட்டிலை தோற்றால் திரும்ப விளையாடலாம். வாழ்க்கையிலை அப்படி ஏலுமோ?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விளையாட்டுக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. மனிதன் கட்டமிட்ட நிலமல்லன். இன்று இல்லாத நாட்டம் நாளை அவனிடம் தோன்றலாம். ஒரு துறையிற் கற்றவன் மற்றொரு துறையிற் சிறத்தலும் உண்டு. ஆயினும் அவர் கேள்வியே பையனின் கட்சிக்கும் துணை செய்கிறது. திரும்ப ஆட முடியாத ஆட்டத்தில் அல்லவா அடிக்கல் நாட்டுமுன் நிலத்தை நன்றாகப் பார்க்கவேண்டும்?

அத்தான் மறுமொழி சொல்லவில்லை. மறுநாட் காலை தமக்கையார் தொலைபேசியிற் சொன்னார்: அவர் பையனை அருகே இருத்தி, அவனுடைய பாடசாலைப் புள்ளி அறிக்கைகள் யாவற்றையும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். முடிவு இன்னும் ஆகவில்லை. ஆனால் நிலம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிள்ளைகள் கணினியின் முன்னே மணிக்கணக்காக உட்கார்வதை நான் ஆதரிக்கவில்லை. படிப்பு, உறக்கம், தேகப்பயிற்சி ஆகியவற்றுக்குப் பின்னரே விளையாட்டு. ஆனால் பெற்றோர் ஒருநாளாவது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, ஏன் இதை இங்கே கட்டினாய்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் மறுமொழியில் ஊரைப் பற்றிய செய்தி பாதியும், அவர்களைப் பற்றிய செய்தி பாதியும் இருக்கும்.